'வெளியேறு' என்றால் வெளியேறிவிட்டோமா?
இணைய அமர்வு தொடர்பான நம் தமிழ்ச் சொற்கள்: ஒரு திறனாய்வு

இணையப் பாதுகாப்பு பற்றி மாணவர் எழுதும் கட்டுரையைத் திருத்தாத தமிழாசிரியர் இன்று இருக்க முடியாது. கருத்து விளக்கக் கட்டுரையாக வரும், உரையாக வரும், சில நேரம் வாய்மொழித் தேர்வில் உரையாடலாகவும் வரும். எந்த வடிவில் வந்தாலும் இரண்டாம் பத்தியில் ஒரே அறிவுரைதான் இருக்கும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது. பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைக்கக்கூடாது. எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்திருக்க வேண்டும். அவ்ளோதான், பத்தி முடிந்தது.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், இது வாசற்கதவைப் பற்றிய அறிவுரை மட்டுமே. கதவைத் திறந்து உள்ளே போனபின் என்ன நடக்கிறது, வெளியே வரும்போது கதவு உண்மையிலேயே சாத்தப்பட்டதா என்பதைப் பற்றி நம் கட்டுரைகளும் பயிற்றிகளும் பேசுவதில்லை. சரி, மாணவர்களுக்குத் தெரியாது, எழுதவில்லை என்று விட்டுவிடலாமா? விட முடியாது. இதற்கு ஒரு பங்குக் காரணம் நாம் கையாளும் சொற்கள் என்பது என் கருத்து. 'உள்நுழை', 'வெளியேறு', 'அமர்வு', 'குக்கீ', 'மீட்டமை' ஆகிய சொற்களைத் தினமும் திரையில் பார்க்கிறோம். இவற்றுள் சில, நடப்பதைச் சரியாகச் சொல்கின்றன. சில, நடப்பதற்கு நேர்மாறான எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் நடப்பது என்ன?

சொல்லை மதிப்பிட வேண்டுமென்றால் பொருள் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, கொஞ்சம் தொழில்நுட்பம்.

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு இயல்பாகவே ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் சேவையகம் அதைத் தரும். அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்டால், 'சற்றுமுன் வந்தவர்தான் இவர்' என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் புது ஆள்தான். படிக்க மட்டும் பயன்பட்ட காலத்தில் இது சிக்கலாக இல்லை. இணையத்தில் கடை திறக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. கூடையில் போட்ட பொருள் யாருடையது என்று தெரியாமல் எப்படிக் கணக்குப் போடுவது?

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சேவையகம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கும். அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் உலாவி அந்தக் குறிப்பை அப்படியே திருப்பிக் காட்டும். இந்தக் குறிப்புத்தான் குக்கீ.

இதை வகுப்பில் விளக்க எனக்குக் கைகொடுப்பது நூலக வாசல். பையை முகப்பில் கொடுத்தால் அதை ஒரு தட்டில் வைத்துவிட்டு உங்கள் கையில் எண் பொறித்த ஒரு வில்லையைத் தருவார்கள். உங்கள் பை தட்டில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எண் மட்டுமே. வில்லையை யார் நீட்டினாலும் பை அவர் கைக்குப் போகும். முகப்பில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்.

இணையத்தில் தட்டு என்பது அமர்வு. அது சேவையகத்தில் இருக்கிறது. வில்லை என்பது குக்கீ. அது உங்கள் உலாவியில் இருக்கிறது. கடவுச்சொல்லை நீங்கள் ஒரே ஒரு முறைதான் கொடுக்கிறீர்கள், வில்லை வாங்குவதற்காக. அதற்குப் பிறகு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வில்லைதான் பேசுகிறது. கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் வில்லை வேறொருவர் கைக்குப் போனால் அவர்தான் நீங்கள். நம் கட்டுரைகளில் விடுபட்டுப்போகும் கருத்து இதுதான்.

2. குக்கீ, நினைவி

'குக்கீ' என்று சொன்னதும் வகுப்பில் சிரிப்பு வரும். "பலகாரமா டீச்சர்?" என்று ஒரு குரலாவது கேட்கும். தீபாவளிக்கு டப்பா டப்பாவாக அடுக்கும் பண்டத்துக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 'நினைவி' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிமையான சொல், தமிழ்ச்சொல். ஆனால், பொருள் பொருந்துகிறதா?

ஓரளவுதான் பொருந்துகிறது. ஒரு தளத்தில் நீங்கள் தமிழ்மொழியைத் தெரிவு செய்ததைக் குறித்து வைக்கும் குக்கீயை நினைவி என்று அழைக்கலாம். அது உண்மையிலேயே உங்கள் விருப்பத்தை நினைவில் வைக்கிறது. ஆனால், கணக்கில் நுழைந்தபின் கிடைக்கும் அமர்வுக் குக்கீ பெரும்பாலும் எதையும் நினைவில் வைப்பதில்லை. அதில் இருப்பது பொருளற்ற ஒரு நீண்ட எண்ணெழுத்துக் கோவை. யார், எந்தக் கணக்கு, என்ன உரிமை என்ற நினைவெல்லாம் சேவையகத்தில். 'நினைவி' என்ற சொல், நினைவு என் கணினியில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. அதன் விளைவு: 'கணினியில் குக்கீயை அழித்தேன், எல்லாம் அழிந்தது' என்று மாணவர் நம்புகிறார். உண்மையில் அழிந்தது வில்லை மட்டும். தட்டில் பை இன்னும் இருக்கிறது. அந்த வில்லைக்கு எங்கேயாவது நகல் இருந்தால் அதைக் காட்டிப் பையை வாங்கிவிடலாம்.

சொல்லின் வரலாறும் இந்தப் பக்கமே நிற்கிறது. மொன்டுல்லி இந்தப் பெயரை, யூனிக்ஸ் நிரலாளர்கள் 'மேஜிக் குக்கி' என்று அழைத்த ஒன்றிலிருந்து எடுத்தார். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கொடுத்து, மாற்றம் ஏதுமின்றித் திரும்ப வாங்கிக்கொள்ளும் அடையாளத் துண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. அதாவது, மூலச்சொல்லின் உட்பொருளே வில்லைதான், நினைவு அல்ல.

என் தீர்ப்பு: மாணவர் தேர்வில் 'குக்கீ' என்றே எழுதட்டும். திரையில் காணும் சொல் அது. முதன்முறை எழுதும்போது 'அடையாள வில்லை போன்ற குக்கீ' என்று ஓர் அடைமொழி சேர்த்தால் போதும். அழகுக்காக 'நினைவி' வேண்டாம்.

3. அமர்வு

இந்தச் சொல்லை நான் தள்ளவில்லை. ஆனால், எச்சரிக்கையுடன் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

அமர்தல் என்றால் உட்கார்தல். நாடாளுமன்ற அமர்வு, மாநாட்டின் முதல் அமர்வு என்றெல்லாம் வழங்குகிறோம். இந்த வழக்கிலிருந்து மாணவர் பெறும் பொருள், ஆள் இருந்தால் அமர்வு உண்டு, ஆள் எழுந்து போனால் அமர்வு முடிந்தது என்பதே. இணையத்தில் அப்படி இல்லை. ஆள் எழுந்து சிற்றுண்டிச் சாலைக்குப் போனாலும் அமர்வு நடந்துகொண்டே இருக்கும். காலி நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அது அவர்களுடைய அமர்வாகிவிடும்.

ஆனால், அதே நாடாளுமன்ற ஒப்புமையில் நமக்கு உதவும் ஒன்றும் இருக்கிறது. உறுப்பினர்கள் எழுந்து போவதால் கூட்டம் முடிவதில்லை. அவைத்தலைவர் ஒத்திவைத்தால்தான் முடியும். அமர்வை முறைப்படி முடித்து வைக்க வேண்டும் என்ற இந்தப் பொருளை அழுத்திக் கற்பித்தால் சொல் நமக்குத் துணை நிற்கும்.

யாரும் முடித்து வைக்காவிட்டால்? சேவையகமே ஒரு கால எல்லைக்குப் பிறகு முடித்துவிடும். 'உங்கள் அமர்வு காலாவதியானது' என்ற செய்தி அப்போதுதான் வருகிறது. இதைக் கண்டால் மாணவர்கள் பதறுகிறார்கள். காலாவதி என்றால் கெட்டுப்போன உணவு, செல்லாத கடப்பிதழ் என்றுதானே பழகியிருக்கிறோம்! உண்மையில் அது உங்களைக் காக்கும் ஏற்பாடு. நீங்கள் மறந்துவிட்டுப் போன பையை அவர்களே எடுத்துப் பூட்டிவிட்டார்கள் என்று பொருள். அதனால் ஒரு நடைமுறை அறிவுரையும் உண்டு. நீண்ட கட்டுரையை நேரடியாக ஒரு படிவப் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். வேறிடத்தில் எழுதிச் சேமித்துவிட்டு ஒட்டுங்கள். அமர்வு முடிந்தால் பெட்டியில் எழுதியது போய்விடலாம்.

'தானாகவே முடிந்துவிடும் என்றால் நான் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். கால எல்லை தளத்துக்குத் தளம் மாறும் என்பதே விடை. பிஎச்பி நிரல்மொழியில் இயல்பாக அமைந்துள்ள அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஜாங்கோ என்னும் கட்டமைப்பில் இயல்பான அளவு 2 வாரம். தளத்தை உருவாக்குபவர் இவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். 24 நிமிடமா 2 வாரமா என்பது பயனருக்குத் திரையில் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி எழுந்து போவது பாதுகாப்பா?

4. உள்நுழை, வெளியேறு

இந்தக் கட்டுரையின் மையம் இந்த இணைச்சொற்கள்தாம்.

நான் அறிந்த ஓர் இடைநிலைப்பள்ளியில் நடந்தது இது. படிவம் நான்கு மாணவி ஒருவர் கணினிக்கூடத்தில் தம் கட்டுரை வரைவை இணைய ஆவணமாகத் தட்டச்சு செய்தார். மணி அடித்தது. எழுந்து போனார். அடுத்த பாடவேளையில் வேறொரு வகுப்பு மாணவர் அதே கணினியில் உட்கார்ந்தார். உலாவியைத் திறந்தார், கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தது. தம் கணக்கு என்றே நினைத்தார். முன்பிருந்த எழுத்தை அழித்துவிட்டுத் தம் கட்டுரையைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். ஆசிரியர் கைக்கு வந்தபோது மாணவி பெயரில் மாணவரின் கட்டுரை இருந்தது. மாணவர் பெயரில் ஒன்றுமில்லை. அவர் காட்டிய கையெழுத்துப் படியும் மாணவி 'அனுப்பிய' கட்டுரையும் சொல்லுக்குச் சொல் ஒன்று. யார் யாரைப் பார்த்து எழுதினார்? இரண்டு பிள்ளைகளும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். கடைசியில் ஆவணத்தின் திருத்த வரலாற்றில் இருந்த நேரம்தான் காப்பாற்றியது. அந்த நேரத்தில் மாணவி அறிவியல் கூடத்தில் இருந்தார்.

விசாரித்தபோது மாணவி சொன்னதைக் கவனியுங்கள்: "நான் வெளியாகிட்டேன் டீச்சர். மேல உள்ள பெருக்கல் குறிய அழுத்திட்டுத்தான் எழுந்தேன்."

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. தமிழில் சரியாகத்தான் பேசியிருக்கிறார். சாளரத்தை மூடினார், அறையைவிட்டுப் போனார், ஆகவே வெளியேறினார். 'வெளியேறு' என்ற சொல்லின் அகராதிப் பொருள் அவர் செய்த செயலுக்கு முழுக்கப் பொருந்துகிறது! செயலியை மூடுவதையும் 'வெளியேறு' என்கிறோம், கணக்கின் அமர்வை முடிப்பதையும் 'வெளியேறு' என்கிறோம். ஒன்று சன்னலைச் சாத்துவது, மற்றொன்று வில்லையை ஒப்படைப்பது. ஒரே சொல் இரண்டுக்கும் நின்றால் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

இலக்கணம் நடத்தும் நமக்கு இதன் வேர் எளிதில் விளங்கும். 'வெளியேறு' செயப்படுபொருள் குன்றிய வினை. எதை வெளியேறினாய் என்று கேட்க முடியாது. செயல் முழுவதும் எழுவாயோடு நின்றுவிடுகிறது: நான் போனேன், கதை முடிந்தது. பின்னால் எதை விட்டுவிட்டு வந்தேன் என்ற கேள்விக்கே அந்த வினையில் இடமில்லை. 'முடி' செயப்படுபொருள் குன்றா வினை. எதை முடித்தாய்? அமர்வை முடித்தேன். இங்கே ஒரு பொருள் இருக்கிறது, அதன்மீது ஒரு செயல் நிகழ வேண்டியிருக்கிறது. நடப்பதும் இதுவே.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'புகுபதிகை', 'விடுபதிகை' என்ற சொற்கள் வழங்கிவந்தன. முதலில் பார்க்கும்போது கரடுமுரடாகத் தெரியும். மாணவர்கள் 'பதிகம்' என்று படித்துவிட்டுத் தேவாரம் பக்கம் போய்விடுவார்கள். ஆனாலும், இவற்றில் ஓர் உண்மை இருக்கிறது. 'பதிகை' என்ற பகுதி, உங்கள் பெயர் எங்கோ ஒரு பேரேட்டில் பதியப்படுகிறது, பிறகு அந்தப் பதிவு விடுவிக்கப்படுகிறது என்று சொல்கிறது. விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறோம், திரும்பும்போது மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம் அல்லவா? அதே செயல். 'வெளியேறு' எளிய சொல், ஆனால் அரைகுறையான சொல். 'விடுபதிகை' கடினமான சொல், ஆனால் முழுமையான சொல். திறனாய்வில் எளிமைக்கும் புள்ளி உண்டு, சரிநிகர் பொருளுக்கும் புள்ளி உண்டு. இங்கே நான் பொருளுக்கே கூடுதல் புள்ளி தருவேன்.

அதற்காக 'விடுபதிகை' என்று எழுதச் சொல்லி மாணவரைத் துன்புறுத்தச் சொல்லவில்லை. நடுவழி ஒன்று இருக்கிறது. 'அமர்வை முடி' என்று சொல்லிப் பழகுவோம். கணினிக்கூடத்தில் "எல்லாரும் வெளியாகுங்க" என்பதற்குப் பதிலாக "எல்லாரும் அமர்வ முடிங்க, அப்புறம் மூடுங்க" என்று சொன்னால் போதும். இரண்டு செயல், இரண்டு வினை.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தளங்களை எழுதும் நிரலாளர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பிஎச்பி மொழியில் அமர்வை அழிக்கும் கட்டளை, சேவையகத்தில் உள்ள தரவை அழிக்குமே தவிர உலாவியில் இருக்கும் குக்கீயை அழிக்காது. அதைத் தனியே நீக்க வேண்டும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சிலர் இதற்கு மாறாக, உலாவியில் உள்ள குக்கீயை மட்டும் நீக்கிவிட்டு 'வெளியேறினீர்கள்' என்று காட்டிவிடுவார்கள். தட்டு காலியாகாமலே இருக்கும். முறையான வெளியேற்றம் என்பது தட்டைக் காலி செய்வதும் வில்லையைத் திரும்ப வாங்குவதும் சேர்ந்ததே.

5. மீட்டமை

என் பார்வையில் அதிகம் தவறாக வழிநடத்தும் சொல் இது. 'கடவுச்சொல்லை மீட்டமை', 'அமைப்புகளை மீட்டமை' என்று திரையில் பார்க்கிறோம். அழைக்கும் செயல், பழையதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஆனால், சொல் என்ன சொல்கிறது?

மீள் என்னும் வினைக்கு இரண்டு நடை உண்டு. மீண்டான் என்றால் தானே திரும்பி வந்தான். மீட்டான் என்றால் இழந்ததைத் திரும்பப் பெற்றான். நாட்டை மீட்டார்கள், அடகு வைத்த நகையை மீட்டார்கள். 'மீட்டமை' என்பதில் இருப்பது இரண்டாவது: மீட்டு, அமை. ஆகவே 'அமர்வை மீட்டமை' என்று படிக்கும் தமிழ் மாணவர், போன அமர்வைத் திரும்பக் கொண்டுவருவது என்றே பொருள்கொள்வார். கடவுச்சொல்லை மீட்டமைத்தால் மறந்துபோன பழைய சொல் மின்னஞ்சலில் வந்துவிடும் என்று காத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழறிவு குறைந்ததால் வந்த குழப்பம் அல்ல இது. தமிழறிவு இருப்பதால் வரும் குழப்பம்.

பொருள் எவ்வளவு பெரியது என்பதை ஒரு நிகழ்வால் காட்டலாம். 2018 செப்டம்பர் 28-ஆம் நாள் முகநூல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் ஒரு வசதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பயனர்களின் அணுகல் வில்லைகளைத் திருடியிருக்கிறார்கள் என்றது. கவனியுங்கள், திருடப்பட்டது கடவுச்சொல் அல்ல, வில்லை. பாதிக்கப்பட்டதாக முதலில் கருதிய கிட்டத்தட்ட 5 கோடிக் கணக்குகளின் வில்லைகளை நிறுவனம் செல்லாததாக்கியது. முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடிக் கணக்குகளுக்கும் அவ்வாறே செய்தது. ஏறத்தாழ 9 கோடிப் பேர் மறுபடி கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை என்றும் நிறுவனம் சொன்னது. உண்மையில் திருடப்பட்டவை ஏறத்தாழ 3 கோடி என்று அடுத்த மாதம் தெரிவித்தது.

அன்று நடந்ததுதான் அமர்வை 'ரீசெட்' செய்தல். எதையும் யாரும் மீட்கவில்லை. நூலகம் ஒரே நாளில் தன் வில்லைகளை எல்லாம் 'செல்லாது' என்று அறிவித்து, 'அடையாள அட்டையைக் காட்டிப் புது வில்லை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொன்னதைப் போன்றது. திருடன் கையில் இருந்த வில்லையும் அந்த நொடியே வெறும் தகடாகிவிட்டது.

சிறிய அளவில் இதே செயல் நல்ல தளங்களில் தினமும் நடக்கிறது. நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்த கணத்தில், அதற்குமுன் உங்களிடம் இருந்த எண்ணை விலக்கிவிட்டுப் புது எண் தர வேண்டும் என்பது பாதுகாப்பு நெறி. இல்லையென்றால், முன்கூட்டியே ஓர் எண்ணை உங்கள் தலையில் கட்டிவிட்டு, நீங்கள் நுழையும்வரை காத்திருந்து, அதே எண்ணால் பின்னாலேயே நுழைந்துவிட இன்னொருவரால் முடியும்.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் 'புதிதாக்கு'. அமர்வைப் புதிதாக்கு, கடவுச்சொல்லைப் புதிதாக்கு. பழையதைத் திரும்பக் கொண்டுவரும் செயலுக்கு 'மீட்டெடு' இருக்கவே இருக்கிறது. இரண்டையும் பிரித்து வழங்கினால் குழப்பம் தீரும்.

6. கட்டுரைக்குத் திரும்புவோம்

கடவுச்சொல் பத்தி போதாது என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் தருகிறேன். மாணவர்கள் கட்டுரையில் எடுத்தாளலாம்.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற உலாவி நீட்சியை வெளியிட்டார். பல தளங்கள் அப்போது நுழைவுப் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, அதன்பின் குக்கீயைத் திறந்த கடிதம்போல் அனுப்பிக்கொண்டிருந்தன. பூட்டில்லாத அருகலையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கீயைப் பிடித்து, ஒரே சொடுக்கில் அவர் கணக்குக்குள் நுழையலாம் என்று அந்த நீட்சி காட்டியது. தளங்கள் தம் குறையைத் திருத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே முகநூலும் டுவிட்டரும் முழு மறையாக்க வசதியைப் பயனருக்குத் தந்தன.

2023 மார்ச்சில், மாணவர் பலரும் அறிந்த 'லைனஸ் டெக் டிப்ஸ்' வலையொளி அலைவரிசை பறிபோனது. விளம்பர வாய்ப்பு என்று வந்த ஒரு கோப்பைப் பணியாளர் திறந்தார். அதில் இருந்த தீநிரல், உலாவியில் இருந்த அமர்வுத் தரவைத் திருடிச் சென்றது. கடவுச்சொல்லோ, இரண்டாம் படிச் சரிபார்ப்போ குறுக்கே வரவில்லை. ஏனென்றால், நுழைந்து முடித்த அமர்வையே திருடிவிட்டார்கள்.

இந்தக் கருத்தை ஒரு மாணவர் எப்படி எழுதலாம்? ஒரு மாதிரிப் பத்தி:

"கடவுச்சொல்லைக் காப்பது மட்டும் இணையப் பாதுகாப்பு ஆகாது. கணக்கினுள் நுழைந்தவுடன் சேவையகம் நம் உலாவிக்குக் குக்கீ என்னும் அடையாள வில்லையைத் தருகிறது. அதன்பின் நம்மை அடையாளம் காட்டுவது அந்த வில்லையே. பொதுக் கணினியில் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எழுந்தால் வில்லை அங்கேயே தங்கிவிடுகிறது. அடுத்து அமர்பவர் நம் பெயரில் எதையும் செய்யலாம். வீட்டைப் பூட்டாமல் சாவியின் அழகைப் பேசுவதால் பயன் உண்டா? ஆகவே, பொதுக் கணினியைப் பயன்படுத்துபவர் அமர்வை முறையாக முடித்த பின்னரே இருக்கையைவிட்டு எழ வேண்டும்."

கலைச்சொற்கள் சிலவே. கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு, முடிவு என நான்கும் இருக்கின்றன. நூறு கட்டுரைகளுக்கு நடுவே திருத்துபவரை ஒரு நொடி நிறுத்தும்.

'இதெல்லாம் கணினிப் பாட ஆசிரியரின் வேலை, நமக்கு ஏன்?' என்று கேட்பவர்கள் இருக்கலாம். கணினி ஆசிரியர் இயக்கத்தை விளக்குவார். 'வெளியேறு', 'மீட்டமை' ஆகிய சொற்கள் தமிழ்க் காதில் எப்படி ஒலிக்கின்றன என்பதை அவரால் விளக்க முடியாது. சொல்லின் பொருளும் நடக்கும் செயலும் எங்கே விலகுகின்றன என்று காட்டுவது நம் வேலை. அதோடு, மாணவரின் இடுபணியை இணையத்தில் வாங்குவதும் நாமே. அவருடைய பெயரில் வந்தது அவருடைய எழுத்துத்தானா என்று நாளை தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களும் நாமே.

7. வகுப்பறைக்கு

அ. இருபது அட்டைகளில் எண்களை எழுதி வில்லைகளாக்குங்கள். ஒரு மாணவர் முகப்புக்காரர். அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, எண்ணை மட்டும் பார்த்துப் பொருளைத் தர வேண்டும். ஒருவர் வில்லையை மேசையில் விட்டுவிட்டுப் போகட்டும், இன்னொருவர் எடுத்து நீட்டட்டும். பத்து நிமிடத்தில் அமர்வுத் திருட்டு புரிந்துவிடும். பிறகு முகப்புக்காரர் எல்லா வில்லைகளும் செல்லாது என்று அறிவிக்கட்டும். புதிதாக்குதல் புரிந்துவிடும்.

ஆ. நுழை, வெளியேறு, மூடு, முடி, நீக்கு, மீள், மீட்டெடு, புதிதாக்கு ஆகிய வினைகளைச் செயப்படுபொருள் குன்றியவை, குன்றாதவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். 'எதை?' என்ற கேள்விக்கு விடை தராத வினை எது, அதனால் திரையில் என்ன குழப்பம் வரலாம் என்று உரையாடச் செய்யுங்கள். இலக்கணமும் நடக்கும், பாதுகாப்பும் நடக்கும்.

இ. பொதுக் கணினியில் உலாவியின் விருந்தினர் முறையைப் பயன்படுத்தப் பழக்குங்கள். எல்லாச் சாளரங்களையும் மூடியதும் அந்த முறையில் சேர்ந்த குக்கீகள் நீங்கிவிடும். சாதாரண முறையில் அப்படி நடக்கும் என்று நம்ப முடியாது. 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று உலாவி அமைக்கப்பட்டிருந்தால், மூடித் திறந்தபின்னும் அமர்வு உயிரோடு இருக்கும்.

ஈ. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்தக் கருவிகளில் கணக்குத் திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு. மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் அதைத் திறந்து பார்க்கட்டும். கணினிக்கூடத்தில் மறந்துவிட்டு வந்த அமர்வை வீட்டிலிருந்தே முடிக்கலாம். அந்தப் பட்டியலைப் பார்த்து எத்தனை பேர் "ஐயோ" என்று சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கின் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.